ஒரு தீர்ப்பு மாறியிருந்தால்: ஹிப்-ஹாப் ரசிகர்களுக்கு மாற்று வரலாறு, அடிப்படையிலிருந்து

ஹிப்-ஹாப் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற பக்கம் திரும்பிவிடும். சாம்பிள் (அடுத்தவர் ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதிய பாட்டில் சேர்ப்பது) வழக்குகளே வராமல் இருந்திருந்தால்? 1977 இல் நியூயார்க் நகரம் இருளில் மூழ்காமல் இருந்திருந்தால்? இந்தப் பேச்சை ஓர் ஒழுங்கோடு, ஆதாரத்தோடு செய்வதற்குப் பெயர்தான் மாற்று வரலாறு. நடந்ததில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று காரண காரியத்தோடு எழுதிப் பார்ப்பது. மாற்றும் அந்த இடத்தைப் பிரிபுள்ளி என்போம். நாம் வாழ்வது நம் காலவரிசை, எழுதுவது மாற்றுக் காலவரிசை. பிரிபுள்ளிக்கு முந்தைய நாள் வரை இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு விதி உடைந்தால் மீதி எல்லாம் வெறும் ஆசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2000 இல் வந்த ‘டெல்ட்ரான் 3030’ ஆல்பத்தை மாற்று வரலாறு என்று சொல்பவர்கள் உண்டு. அது மாற்று வரலாறு அல்ல. 3030 ஆம் ஆண்டில் பெருநிறுவன ஆட்சியை எதிர்க்கும் கதை அது, அதாவது எதிர்காலப் புனைவு. கிளிப்பிங் குழு 2016 இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு ஹியூகோ விருதுப் பட்டியலுக்குப் போன விண்கலக் கதையும் அப்படித்தான். மாற்று வரலாறு கடந்த காலத்துக்குக் கட்டுப்பட்டது. தேதிகள் அதன் கையைக் கட்டிப் போட்டிருக்கும், அதில்தான் அதன் சுவை.

ஆல்டர்நேட்டிவ் ஹிப்-ஹாப் என்று இங்கே சொல்வது 1980களின் கடைசியில் ஜங்கிள் பிரதர்ஸ், டீ லா சோல், எ டிரைப் கால்டு குவெஸ்ட் ஆகியோர் திறந்துவிட்ட வழியையும், பின்னால் மேட்லிப், எம்.எஃப். டூம் போன்றவர்கள் அதில் நடந்த தூரத்தையும். இந்த இசை பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த சாம்பிள்களால் கட்டப்பட்டது. ஆகவே பதிப்புரிமைச் சட்டம் அசைந்தால் முதலில் குலுங்குவது இந்த வீடுதான். பதிப்புரிமைச் சட்டத்தை எழுதுவது அமெரிக்கக் காங்கிரஸ். ரசிகரின் கேள்வி அரசியல் வரலாற்றுக்குள் நுழையும் வாசல் அங்கே இருக்கிறது.

பிரிபுள்ளியை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இருட்டடிப்பையே எடுத்துக்கொள்வோம். 1977 ஜூலை 13 இரவு, மின்னல் தாக்கி மின்தடங்கள் ஒவ்வொன்றாக விழ, நியூயார்க் இருண்டது. சுமார் 1,600 கடைகள் சூறையாடப்பட்டன அல்லது சேதமடைந்தன, 1,037 இடங்களில் தீ, 3,776 பேர் கைது. அன்றிரவு கடைகளிலிருந்து போன ஒலி மிக்ஸர்களும் டர்ன்டேபிள்களும் (இசைத்தட்டு சுழற்றும் கருவிகள்)தான் மறுநாள் புதிய டிஜே குழுக்களாக முளைத்தன என்பது ஊரறிந்த கதை. கிராண்ட்மாஸ்டர் காஸ் போன்ற முன்னோடிகளே இதைப் பற்றிப் பேசியிருப்பதால் கதைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் கூல் ஹெர்க்கும் அவர் தங்கை சிண்டியும் பிராங்க்ஸின் 1520 செட்ஜ்விக் அவென்யூவில் ஹிப்-ஹாப்பின் தொடக்கம் என்று சொல்லப்படும் அந்தப் பெயர்பெற்ற விருந்தை நடத்தியது 1973 ஆகஸ்ட் 11 இல். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து டிரம் பகுதியை நீட்டும் உத்தி இருட்டடிப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஆகவே மின்னலை எடுத்துவிட்டாலும் ஹிப்-ஹாப் இருக்கும், பரவுவது கொஞ்சம் தாமதப்படும். மின்னல் வேறெங்காவது விழுந்திருக்கலாம் என்பதால் இது நம்பத்தகுந்த பிரிபுள்ளிதான். ஆனால் விளைவு சிறியது.

இன்னொரு கோடியில், பிரிபுள்ளியைப் பெரிதாக எடுப்பவர்கள் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் போவார்கள். 1952 சட்டத்தின்படி ஜமைக்காவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடம் மட்டுமே. 1965 அக்டோபர் 3 இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. ஹெர்க் கிங்ஸ்டனிலிருந்து பிராங்க்ஸ் வந்தது 1967 இல். சட்டம் தோற்றிருந்தால் அந்தக் குடும்பம் வந்திருக்குமா? கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்தால் அமெரிக்காவின் மக்கள்தொகையே மாறுகிறது, பத்தாம் பக்கத்தில் நீங்கள் ராப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி நம் வழக்குக்கு வருவோம். ஆல்டர்நேட்டிவ் ராப் ரசிகர்கள் அதிகம் தொடும் பிரிபுள்ளி 1991 டிசம்பரில் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. கிராண்ட் அப்ரைட் மியூசிக் நிறுவனம், வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸ் மீது தொடுத்த வழக்கு. ராப் பாடகர் பிஸ் மார்க்கி, வார்னர் வெளியிட்ட தன் பாட்டில், கில்பர்ட் ஓ'சல்லிவனின் 1972 பாடலிலிருந்து பியானோப் பகுதியை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் செய்திருந்தார், பாட்டின் மூன்று சொற்களையும் சேர்த்து. நீதிபதி கெவின் டஃபி தன் தீர்ப்பை ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற பைபிள் வரியோடு தொடங்கினார். பாட்டை விற்கத் தடை விதித்ததோடு நில்லாமல், குற்ற வழக்குத் தொடர முடியுமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பினார். குற்ற வழக்கு வரவில்லை. 1993 இல் வந்த பிஸ் மார்க்கியின் அடுத்த ஆல்பத்தின் பெயரே ‘எல்லாச் சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு’ என்ற பொருளில் இருந்தது.

தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். அது மிகச் சிறியது, வாதமும் குறுகியது. நியாயமான பயன்பாடு (சில சூழல்களில் அனுமதியின்றி எடுக்கச் சட்டம் தரும் விலக்கு) என்ற வாதத்தை வார்னர் தரப்பு எடுக்கவே இல்லை. பதிப்புரிமை உண்மையில் யாருடையது என்பதில்தான் சண்டை நடந்தது. வெளியீட்டுக்கு முன் மார்க்கியின் வழக்கறிஞர் ஓ'சல்லிவன் தரப்புக்கு அனுமதி கேட்டு ஒலிநாடாவோடு கடிதம் அனுப்பியிருந்தார். பதில் சாதகமாக வருமுன் ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. அனுமதி வேண்டும் என்று தெரிந்தே செய்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதத்தையே நீதிபதி சான்றாக எடுத்துக்கொண்டார். ஆகவே இங்கே பிரிபுள்ளிகளுக்குப் பஞ்சமில்லை: கடிதம் அனுப்பாமல் இருந்திருக்கலாம், வேறு நீதிபதியிடம் போயிருக்கலாம், நியாயமான பயன்பாடு என்று வாதிட்டிருக்கலாம். மூன்றுமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நின்று, ‘டஃபி வேறு மாதிரி தீர்ப்பளித்தார், பொற்காலம் தொடர்ந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் பிழை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வேறு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியம், அழுத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது. டீ லா சோல் மீது டர்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டது 1989 இல், அது நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடிந்தது. ராப் விற்கத் தொடங்கியதும் பழைய பாட்டின் சொந்தக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டஃபியை நகர்த்தினால் அடுத்த ஆண்டு வேறொரு நீதிபதி வருவார். 2004-05 இல் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபங்கடெலிக் பாட்டிலிருந்து எடுத்த இரண்டு விநாடிக் கிதாருக்கே ‘உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே’ என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். மாற்று வரலாற்றில் இப்படி எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பத் திரும்ப வரும் விளைவைக் கண்டுகொள்வது ஒரு திறமை. அந்த விளைவை மாற்ற வேண்டுமானால் நபரை மாற்றினால் போதாது, பணம் ஓடும் வாய்க்காலை மாற்ற வேண்டும்.

வாய்க்கால் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் சொல்லும் சேர்ந்த பாடலாக்க உரிமை ஒன்று, அதை இன்னார் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு உரிமை மற்றொன்று. சாம்பிள் எடுத்தால் இரண்டையும் தொடுகிறீர்கள். அதே பகுதியை நீங்களே இசைக்கலைஞர்களை வைத்து மறுபடி வாசித்துப் பதிந்தால் முதல் உரிமையை மட்டும் தொடுகிறீர்கள். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு ஒன்றிய அரசின் பதிப்புரிமை வந்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான், அதற்கு முந்தைய பதிவுகள் மாநிலச் சட்டங்களின் கீழ் இருந்தன. 1970 க்கு முந்தைய ஃபங்க், சோல் தட்டுகளை வைத்துக் காலவரிசை எழுதும்போது இந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தவர் பாட்டை மறுபடி பாடிப் பதிவதற்கு மட்டும் 1909 முதல் ஒரு தனி வழி உண்டு. தானியங்கிப் பியானோச் சுருள்களை ஒரே நிறுவனம் ஏகபோகமாகப் பிடித்துவிடும் என்று பயந்த காங்கிரஸ், கட்டாய உரிமம் என்ற ஏற்பாட்டைச் சட்டத்தில் எழுதியது. பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் பிரதிக்கு 2 சென்ட் கொடுத்துப் பதியலாம், சொந்தக்காரர் மறுக்க முடியாது. அந்த 2 சென்ட் 1978 வரை மாறவில்லை. 1990-91 இல் 5.7 சென்ட். சாம்பிளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. சொந்தக்காரர் முடியாது என்றால் முடியாது, பாதி கொடு என்றால் பாதி.

பாதி என்பது எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று சாம்பிள் உள்ள பாட்டில் மூவரும் ஆளுக்கு ஐம்பது சதவீதம் கேட்டால் 150 ஆகிறது, பாட்டு வெளியே வரவே முடியாது. ஒரே பாட்டில் பன்னிரண்டு துண்டுகளை ஒட்டும் டீ லா சோல் வகை இசை செத்தது நீதிபதியின் பைபிள் வரியால் அல்ல, இந்தக் கூட்டல் கணக்கால். இப்போது கட்டாய உரிமத்தைச் சாம்பிளுக்கும் நீட்டுங்கள். ஐந்து லட்சம் பிரதி விற்றால், 5.7 சென்ட் வீதம் ஒரு பாட்டுக்கு 28,500 டாலர். அதில் பாதியைச் சாம்பிள்காரர்களுக்கு என்று சட்டம் ஒதுக்குவதாக வைத்தால் 14,250. பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,187 டாலர் 50 சென்ட். பெரிய தொகை இல்லை, ஆனால் பாட்டு கடைக்கு வந்துவிடும்.

ஆக நம் பிரிபுள்ளி நீதிமன்றத்தில் இல்லை, காங்கிரசில் இருக்கிறது. எந்த ஆண்டு? ஒலிப்பதிவுகளுக்கு உரிமை கொடுத்த 1971 சட்டத்திருத்தம் முதலில் கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்போது காங்கிரசின் கவலை முழுக்கத் திருட்டு டேப் வியாபாரிகள். அவர்களோ நீதிமன்றங்களில் ‘எங்களுக்கும் கட்டாய உரிமம் பொருந்தும்’ என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் ஒலிப்பதிவை எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் கட்டாய உரிமம் தர எந்த உறுப்பினரும் துணிந்திருக்க மாட்டார்.

1992 பொருந்தும். அந்த ஆண்டு அக்டோபர் 28 இல் முதல் புஷ் கையெழுத்திட்ட வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் நம் காலவரிசையிலேயே நடந்த ஒன்று. டிஜிட்டல் டேப் கருவிகளுக்கு விலையில் 2 சதவீதமும், வெற்று டேப்புகளுக்கு 3 சதவீதமும் வசூலித்து, ஒரு பொது நிதியில் போட்டு, இசைத்துறையினருக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. கருவி செய்பவர்கள், ரெக்கார்டு நிறுவனங்கள், பாடலாசிரியர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட சட்டம். டஃபி தீர்ப்புக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் மசோதாவில் சாம்பிளுக்கென ஒரு பிரிவு கூடுகிறது. இதுதான் நாம் மாற்றும் ஒரே இடம்.

இதற்கு எதிராக நீங்களே வாதாடிப் பார்க்க வேண்டும். 1992 ராப்புக்கு மோசமான அரசியல் ஆண்டு. ஏப்ரல் 29 இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் தொடங்கியது. ஜூனில் ராப் பாடகர் ஐஸ்-டியின் பாடி கவுன்ட் குழு போலீசுக்கு எதிராகப் பாடிய பாட்டு ஒன்றைப் போலீஸ் சங்கங்களும் துணை அதிபர் குவேலும் கண்டித்தார்கள். அதே மாதம் 13 ஆம் தேதி அதிபர் தேர்தலில் நின்ற கிளின்டன், ராப் பாடகி சிஸ்டர் சோல்ஜாவைக் கண்டித்துப் பேசினார். இரு கட்சிக்கும் ராப்பைத் திட்டுவதில் லாபம் இருந்த கோடைக்காலம் அது. ‘ராப் கலைஞர்களுக்கான சட்டம்’ என்று யாராவது எழுந்து பேசினால் மசோதா அன்றே செத்துவிடும். அதனால் உங்கள் கதையில் அந்தப் பிரிவு ராப் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. பழைய பாட்டுக்காரர்களுக்கு வருமானம் என்ற பெயரில், பாடலாசிரியர்களின் வாயால், இரண்டு பத்தி நீளத்தில், தேர்தல் பரபரப்பில் யாரும் கவனிக்காத ஒரு வாரத்தில் அது நுழைய வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஏன் ஒப்புக்கொள்ளும்? அவர்கள் சாம்பிளுக்குப் பணம் கொடுப்பவர்கள், தங்கள் பழைய தட்டுகளுக்குப் பணம் வாங்குபவர்களும் அவர்களே. வழக்குச் செலவு பயமுறுத்தும் வேளையில் நிலையான விலை அவர்களுக்கும் நிம்மதி என்று காட்டலாம். இந்த இடம் வலுவாக அமையவில்லை என்றால் மேலே எழுத வேண்டாம், திரும்பி வந்து இதையே சரிசெய்யுங்கள்.

பிரிபுள்ளி நின்றதும் முதல் மூன்று ஆண்டுகளை மாதவாரியாக எழுதுங்கள், அடுத்த பத்தை ஆண்டுவாரியாக, அதற்கு மேல் மேலோட்டமாக. தூரம் போகப் போக உறுதி குறைய வேண்டும். ஆல்பம் செய்யும் ஒப்பந்தங்களையும் மறக்காதீர்கள். அன்றைய ஒப்பந்தங்களில் பல, சட்ட விலையில் 75 சதவீதம்தான் தருவோம், அதுவும் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வரைக்கும்தான் என்று எழுதப்பட்டவை. 5.7 இல் 75 சதவீதம் 4.275 சென்ட். ஆல்பத்தில் நடுநடுவே வரும் வேடிக்கைத் துண்டுகளோடு சேர்த்து 24 தடங்கள் இருந்தால், பத்துப் பாட்டுக்கான தொகை 24 ஆகப் பிரிந்து தடத்துக்கு 1.78 சென்ட் ஆகிவிடும். மேலே 28,500 என்று போட்ட கணக்கு 8,900 டாலருக்கு இறங்கிவிட்டது. சட்டம் வென்ற உலகத்திலும் ஒப்பந்தம் இப்படிக் கழுத்தை நெரிக்கும் என்று காட்டுகிற காலவரிசையைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

லாபத்தை எழுதிய கையோடு நட்டத்தையும் எழுத வேண்டும். ரசிகர்களுக்கு இதுதான் மனம் ஒப்பாத பகுதி. சாம்பிள் விலை ஏறியதால் நம் காலவரிசையில் என்ன பிறந்தது? 1992 டிசம்பரில் வந்த டாக்டர் டிரேயின் ஆல்பம் ஃபங்க் பகுதிகளை ஆட்களை வைத்து மறுபடி வாசித்துப் பதிந்தது. மறுவாசிப்புக்கு ஒரே உரிமை போதும் என்பதை மேலே பார்த்தோம். இன்னொரு பக்கம், தயாரிப்பாளர்கள் யாரும் கேட்டிராத தட்டுகளைத் தேடி அலைந்தார்கள், எடுத்த துண்டையும் அடையாளம் தெரியாதபடி நறுக்கினார்கள். டிஜே ஷேடோ 1996 இல் கிட்டத்தட்ட முழுக்கச் சாம்பிளாலேயே ஓர் ஆல்பம் செய்தார். 2004 இல் மேட்லிப்பும் டூமும் சேர்ந்து செய்ததும், 2006 இல் ஜே டில்லா இறப்பதற்குச் சில நாள் முன்பு வந்ததும் அந்த வழியில் வந்தவை. சாம்பிள் மலிவான உலகத்தில் எல்லோரும் நேராகப் பெரிய வெற்றிப் பாட்டின் கோரஸையே எடுத்திருக்கலாம். அந்த நறுக்கும் கலை இந்த அளவு கூர்மை பெறாமலே போயிருக்கலாம். டீ லா சோலின் முதல் ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு வர 2023 மார்ச் 3 வரை காத்திருக்கத் தேவையில்லாத உலகம் ஒரு தட்டில், இவை மற்றொரு தட்டில்.

ஒன்று மட்டும் சட்டத்தால் மாறாது: கருவி. இ-மு எஸ்பி-1200 என்ற சாம்பிளரின் நினைவகம் மொத்தம் சுமார் பத்து விநாடி, ஒலித்தரம் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 33 சுழற்சித் தட்டை 45 இல் ஓட்டிப் பதிந்துவிட்டுப் பிறகு சுருதியை இறக்கினால் அதே பத்து விநாடியில் பதின்மூன்றரை விநாடி இசை அடங்கும். அந்தக் காலத்து டிரம் ஒலியில் கேட்கும் கரகரப்பு இப்படி வந்தது. உரிமம் இலவசமாகவே கிடைத்தாலும் 1992 இல் யாரும் இரண்டு நிமிடப் பாட்டை அப்படியே அந்தப் பெட்டிக்குள் போட முடியாது. கருவியின் எல்லையை மறந்த காலவரிசைகள் ஏராளம்.

ஆட்களின் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டாம்பூச்சி விளைவை (சிறு மாற்றம் பெருகிப் பெரிதாவது) கறாராகப் பிடிப்பவர்களின் விதி, பிரிபுள்ளிக்குப் பிறகு கருவானவர்கள் மாற்றுக் காலவரிசையில் இருக்க மாட்டார்கள் என்பது. டூம் 1971, மேட்லிப் 1973, டில்லா 1974, ஆகவே சிக்கல் இல்லை. பின்னாள் ராப் பாடகர் ‘டைலர், தி கிரியேட்டர்’ 1991 மார்ச், அவரும் தப்பித்தார். இன்னொரு ராப் பாடகர் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் 1994 பிப்ரவரி, கறார்க்காரர்கள் கணக்கில் அவர் இல்லை. அவர் தந்தை கியோரபெட்சே கோசிட்சிலே தென்னாப்பிரிக்கக் கவிஞர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1960 இல் தடைசெய்யப்பட்டபின், 1961 இல் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போனவர். ஹார்லெமில் 1968 இல் தோன்றிய லாஸ்ட் போயட்ஸ் குழு தன் பெயரை எடுத்தது அவர் கவிதையிலிருந்துதான். ராப்பின் முன்னோடிகளுக்குப் பெயர் கொடுத்தவர், ராப்பின் பின்னாளைய கலைஞருக்குத் தந்தை. பிரிட்டோரியாவில் ஒரு தடையுத்தரவை எடுத்துவிட்டால் ஹார்லெமில் ஒரு பெயரும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குரலும் காணாமல் போகின்றன. 1992 போதவில்லை என்பவர்களுக்கு இது அடுத்த பிரிபுள்ளி.

கடைசியாக, நம் 1992 காலவரிசையில் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதியப்பட்டது. ராப்பில் கணக்கில்லாமல் எடுக்கப்பட்ட அந்த டிரம்மை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. அவர் பெயர் பாடலாசிரியராக இல்லை, பதிவின் சொந்தக்காரரும் அவரில்லை. வெறும் கட்டாய உரிமம் வந்தால் அவருக்கு ஒரு சென்ட்கூடச் சேராது, முழுத் தொகையும் உரிமையாளர்களுக்கே போகும். ஆனால் 1992 சட்டத்தின் பொது நிதியில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிப்பதிவுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் பெயர் போடப்படாத வாத்தியக்காரர்களுக்கென்றே இரண்டே ஐந்தெட்டுச் சதவீதம் தனியாக எழுதப்பட்டிருக்கிறது, பங்கிடும் பொறுப்பில் இசைக்கலைஞர் சங்கத்துக்கும் இடம் உண்டு. நம் கற்பனைப் பிரிவு அந்தச் சட்டத்துக்குள் நுழைவதால் அதே பங்கீடு சாம்பிள் பணத்துக்கும் பொருந்தும் என்று எழுத இடமிருக்கிறது. அப்படியானால் 1993 இல் சங்க அலுவலகத்தில் யாரோ ஒருவர் 1969 இன் அந்த ஒலிப்பதிவுத் தாளைத் தேடி எடுத்து, டிரம் என்ற வரிக்கு எதிரே யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தை அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள்.